குளிக்கப் போனவன்

நூற்றுப் பதினெட்டு வாரம்
சனங்களைச் சிரிக்க வைத்தேன் என்று
கொழும்பில் ஒரு கேடயம் தந்தார்கள்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

ஆரையம்பதியில் பூட்டிக் கிடந்த நெல் ஆலை.
அதற்குள் மூன்று சுவரில் ஒரு வீடு கட்டினோம்.
நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில்
கமராவும் நானும்
தவணைக்கு எடுத்த ஜெனரேட்டரும்.
தொடருக்கு ‘நாலாம் வளவு’ என்று பெயர்.
சவர்க்காரக் கொம்பனி பாதி கொடுத்தது.
மனைவியின் காப்பு மிச்சத்தைக் கொடுத்தது.

சிரிப்பை ஒரு டியூஷன் வகுப்பில் பிடித்தோம்.
நாற்பத்து மூன்று பிள்ளைகள்,
ஆளுக்கு ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ.
கடைசி வாங்கில் ஒருத்தி
எல்லாரும் ஓய்ந்த பிறகு தனியாகச் சிரிப்பாள்.
வெட்டவா என்றான் நௌபர்.
விடு,
எல்லா ஊரிலும் ஒருத்தருக்குப் பிந்தித்தான் விளங்கும்.

கொழும்பிலிருந்து குறிப்பு வரும்:
‘கா’ போட்டுப் பேசுவதைக் குறைக்கவும்.
குறைத்தோம்.
அடுத்த வாரம் கூட்டினோம்.

எழுதும்போது எனக்கு ஒரே சட்டம்.
என்ன நடந்தாலும்
இருபத்திரண்டாம் நிமிடம்
எல்லாம் பழையபடி.
உடைந்த பானை அடுத்த வாரம் முழுசாக இருக்கும்.
கோபித்துப் போனவள் குசினியில் நிற்பாள்.
களவு போன சைக்கிள் வாசலில் சாய்ந்திருக்கும்.
இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம்.
எழுதுகிற நேரத்தில் உறைக்கவில்லை.

நாற்பத்தோராம் வாரம், வியாழக்கிழமை,
ஜீவரெத்தினத்துக்குக் கட்டார் விசா வந்தது.
எங்கள் கொமிசன் போடியார் அவன்தான்.
பாதிக் காட்சி எடுத்திருந்தோம்,
வெளியே வான் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.
துவாயைத் தோளில் போட்டு
வாளியைக் கையில் கொடுத்து
நின்ற நிலையில் ஒரு வசனம் எழுதினேன்:
“கிணத்தடிக்குப் போய்க் குளிச்சித்து வாறன் கா.”
அந்த வாளியோடேயே வானில் ஏறினான்.

பிறகு வாராவாரம்
போடியார் எங்கே என்று யாராவது கேட்பார்கள்,
குளிக்கிறார் என்று யாராவது சொல்வார்கள்,
நாற்பத்து மூன்று பிள்ளைகளும் சிரிப்பார்கள்.
கொஞ்சம் பொறுத்து, அவள்.
கச்சேரியில் கதிரை வெறுமையாக இருந்தாலும்
“ஐயா குளிக்கப் போயித்தார்” என்கிற அளவுக்கு
ஊர் பிடித்துக்கொண்டது.

காப்பை மீட்க வங்கி வரிசையில் நின்ற ஒரு நாள்.
எனக்கு முன்னால் ஓர் அம்மா,
கையில் பிளாஸ்டிக் கோப்பு,
அதற்குள் ஒரு பொடியனின் படம்,
காட்டிக் காட்டி மூலை வெளுத்தது.
திரும்பிப் பார்த்தார்.
நாலாம் வளவு எடுக்கிற ஆள் நீங்கதானே.
ஓம்.
“அந்தப் போடியார எப்ப மனே கூட்டித்து வாறயள்?
வாறன் எண்டு சொல்லித்துத்தானே போனவன்.”
சிரிக்கவில்லை. கோபமும் இல்லை.
ஆணைக்குழுவில் அடுத்த தேதி கேட்கிற குரல்.
என் முறை வந்தது.
வட்டி கூடியிருந்தது.

தோகாவுக்கு எடுத்தேன்.
லீவு இல்லை, வேற ஆளப் போடுங்க என்றான் ஜீவரெத்தினம்.
வேறு ஆள் என்று
எந்த வாயால் சொல்வது.

நூற்றுப் பதினெட்டு, கடைசிக் காட்சி:
கொடியில் ஒரு துவாய். அவ்வளவுதான்.
நௌபர் எடிட் மேசையை விட்டெழும்பி வந்தான்.
“காஞ்சி கெடந்தா
போகவே இல்ல எண்டும் வரும்.
நனைங்க.”
நனைத்தோம்.
பிளைவுட் தரையில் சொட்டுச் சொட்டாக
நாற்பது செக்கன்.
சிரிப்பை அடியோடு எடுக்கச் சொன்னேன்.
எடுத்தான்,
பிந்திச் சிரிக்கிறவளை மட்டும் விட்டுவிட்டான்.
மறந்தா என்று இன்னும் கேட்கவில்லை.

தரை ஊறிப் போனதற்கு
ஆலைக்காரர் நாலாயிரம் கழித்துக்கொண்டார்.
தொடர் என்றால்
அடுத்த வாரம் காய்ந்திருக்கும்.